தலையில் கமரா, முதுகில் குடை

சென்ற வாரம் இப்பகுதியில் வயலுக்கு நீர் இறைக்கும் இயந்திரங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர்கள் சிலர் உழவு இயந்திரத்தைப் பற்றியும் எழுதுமாறு கேட்டிருக்கின்றனர். அவர்களுக்குப் பிறிதொரு வாரம் விடை கூறுவோம். இவ்வாரம் எம்மை எழுதத் தூண்டியவை ஒரு தாயின் கவலையும், அவருடைய மகன் அனுப்பிய மூன்று படங்களும் ஆகும்.

மாரி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலை வேளை. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. சவளக்கடையில் எமது வீட்டுக்கு நாலைந்து வளவு தள்ளி வசிக்கும் முஸ்லிம் அம்மையார் ஒருவர், கல்முனைக்குப் போய் அந்த வெள்ளத்தைக் கடந்து திரும்பியவர், ஈரம் உலராத சேலையோடு நேரே எமது வாசலுக்கு வந்து நின்றார். அவருடைய மகன் எம்மிடம் பௌதிகம் கற்றவன். இப்போது துபாயில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில் செய்கின்றான்.

"சேர், இவன் பிளேன்ல இருந்து குதிக்கப் போறானாம். காசும் கட்டிட்டானாம். நீங்க சொன்னாக் கேப்பான். கொஞ்சம் சொல்லுங்க சேர்" என்றார்.

பேசிப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினோம். அன்றிரவே அந்தப் பையனிடமிருந்து எமது கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. தாயார் எம்மிடம் வந்தது அவனுக்குத் தெரியாது. "சேர், இந்த மூண்டு ஹெல்மட்டுல எது நல்லம்? பாரம் குறைஞ்சதாப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். கீழே மூன்று படங்கள். மூன்றும் கமரா பொருத்தக்கூடிய தலைக்கவசங்கள்.

தடுத்து நிறுத்தும்படி தாய் கேட்கிறார்; தெரிவு செய்து தரும்படி மகன் கேட்கிறான். ஓர் ஆசிரியனுக்கு இதைவிடச் சங்கடமான நிலை வேறு உண்டோ? எம்மைப் பொறுத்தவரை வாழ்நாளில் ஏறிய மிகப் பெரிய உயரம் ஒரு தென்னையின் பாதி. அங்கிருந்தும் இறங்கினோமே தவிரக் குதித்தோமல்லோம். ஆயினும் கேட்ட மாணவனுக்குத் 'தெரியாது' என்று சொல்லி விடுவதும் முறையன்று. ஆகவே தெரிந்தவரைத் தேடிப் போனோம்.

தெரிந்தவர் நெடுந்தூரத்தில் இல்லை. அம்பாறையில் விமானப்படையின் பரசூட் பயிற்சிப் பாடசாலை உண்டு என்பதை எமது மாவட்டத்தார் பலர் அறிவர். உகனைப் பக்கமாகப் பயணம் செய்தோர், வானத்தில் குடைகள் ஒன்றன் பின் ஒன்றாய் மலர்ந்து இறங்குவதைப் பார்த்திருக்கவும் கூடும். பேருந்தில் போகையில் நாமும் ஒருமுறை பார்த்தோம். பேருந்திலிருந்த அனைவரும் ஒரு பக்கத்து யன்னலுக்குச் சாய்ந்ததில் சாரதி சத்தமிட்டது இன்றும் நினைவில் உண்டு. அந்தப் பக்கத்தில் ஓய்வுபெற்ற சிங்கள நண்பர் ஒருவர் எமக்கு இருக்கின்றார். சேவையில் இருந்த காலத்தில் பலமுறை குதித்தவர். பரசூட்டுகளை மடித்துப் பொதி கட்டியும் பழகியவர். அவரிடம் மூன்று படங்களையும் காட்டினோம். படங்களை அவர் சரியாகப் பார்க்கவுமில்லை. "எத்தனை தரம் குதித்த பையன் இவன்?" என்று மட்டுமே கேட்டார்.

எமக்குத் தெரியவில்லை. அங்கிருந்தபடியே பையனை அழைத்துக் கேட்டோம்.

"31 தரம் சேர்" என்றான்.

தாயார் எண்ணியிருந்தது வேறு. மகன் இனிமேல்தான் குதிக்கப் போகிறான் என்று அவர் அழுதுகொண்டிருக்கிறார். அவனோ ஏற்கெனவே 31 முறை குதித்துவிட்டான்! முதன்முதலில் பயிற்றுநர் ஒருவரின் மார்போடு பிணைக்கப்பட்டுக் குதித்தானாம். அந்த ஒரு நிமிட இன்பம் அவனை விடவில்லை. பின்னர் முறையாகப் பயிற்சி பெற்று, 25 குதிப்புகளை நிறைவு செய்தோர்க்கு வழங்கப்படும் முதற்படி அனுமதிப் பத்திரத்தையும் பெற்றுவிட்டான். வீட்டுக்கு அனுப்பும் காசில் ஒரு சதமும் குறைக்கவில்லை, தன் செலவைச் சுருக்கியே கட்டினேன் என்றான். நாம் நம்பினோம்.

"அப்படியானால் ஹெல்மட்டைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் முதுகில் என்ன போடுகிறான் என்று கேளுங்கள்" என்றார் நண்பர்.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு, குறிப்பாக மாணவர்களுக்கு, அந்த முதுகுப் பொதியைச் சற்று விரித்துக் காட்டுவது அவசியமாகின்றது.

பொதியினுள் இருப்பவை இரண்டு குடைகள். ஒன்று பிரதான குடை, மற்றையது அது தவறினால் திறப்பதற்கான மாற்றுக் குடை. இவை நாம் படங்களிற் பார்த்த வட்டக் குடைகளல்ல. 1797-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கார்னெரின் என்பவர் பலூனிலிருந்து இறங்கியதும், 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் என்பவர் விமானத்திலிருந்து குதித்து வானில் விழுந்தவாறே தன் கையால் இழுத்துத் திறந்ததும், இரண்டாம் உலக யுத்தத்தில் படைகள் இறங்கியதும் எல்லாம் வட்டக் குடையிலேதான். 1964-ஆம் ஆண்டு டொமினா ஜால்பேர்ட் என்பவர் வேறொரு வகையை ஆக்கினார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையிலே அறைகள். முன்புறத்து வாய்களால் காற்றுப் புகுந்து அறைகளை நிரப்ப, துணி விமானச் சிறகு போல் விறைத்து நிற்கின்றது. இக்காலத்தில் விளையாட்டாகக் குதிப்போர் அணிவது இவ்வகையே. வட்டக் குடை இறங்குகின்றது; இதுவோ பறக்கின்றது. இந்த வேறுபாட்டில்தான் நன்மையும் தங்கியிருக்கிறது, அபாயமும் தங்கியிருக்கிறது.

களவெட்டியில் நெல் தூற்றுவதைப் பார்த்திராத பிள்ளைகள் இப்போது எமது ஊரிலேயே பலர். அறுவடை இயந்திரம் வந்தபின் வயலில் சுளகு எடுப்பார் அருகிவிட்டனர். தூற்றும்போது மணி நேரே காலடியில் விழும். பதரோ காற்றில் மிதந்து அப்பால் சென்று விழும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவினவே. ஆயினும் காற்றுத் தாங்க வேண்டிய பாரம் மணியில் அதிகம், பதரிற் குறைவு. குடையைத் தெரிவு செய்யும் கணக்கும் இதுவே. குதிப்பவரின் எடையோடு உடைகளின் எடை, பொதியின் எடை யாவற்றையும் கூட்டி, அதனைக் குடையின் பரப்பால் வகுத்தால் ஓர் எண் வரும். எடையை இறாத்தலிலும் பரப்பைச் சதுர அடியிலும் கொள்வது அத்துறையினர் வழக்கம். புதியவர்க்கு அந்த எண் 1-க்கு மேற்படாதிருத்தல் நலம் என்பர். எண் கூடக் கூடக் குடை வேகமாய்ப் பறக்கும், வேகமாய்த் திரும்பும், வேகமாய்த் தரையைச் சந்திக்கும்.

எமது மாணவன் ஒருவரிடமிருந்து பழைய பொதி ஒன்றை மலிவாக வாங்கப் பேசி வைத்திருந்தான். அதன் பிரதான குடை 135 சதுர அடி. பையனின் எடை 62 கிலோ. பொதியும் உடையும் சேர்ந்து 12 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 74 கிலோ, அதாவது ஏறத்தாழ 163 இறாத்தல். வகுத்துப் பாருங்கள்: 1.2 வரும். 31 முறை மட்டும் குதித்தவனுக்கு இது தகாது. 190 சதுர அடிக் குடையானால் 0.86 ஆகும். நண்பர் தாளில் இக்கணக்கைப் போட்டுக் காட்டியபோது எமக்கே வெட்கமாயிருந்தது. வகுத்தற் கணக்கைப் படிப்பித்தவர் நாம்; அதை எங்கே பிரயோகிப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை போலும்.

குடை திறவாமற் போவதே இவ்விளையாட்டின் ஒரே அபாயம் என்று நாமெல்லாம் எண்ணுகின்றோம். அஃது உண்மையன்று. நன்றாகத் திறந்து, பழுதின்றிப் பறந்து வந்த குடையின் கீழேயே, தரைக்குச் சமீபத்தில் சடுதியாகத் திரும்பியதால் உயிரிழந்தோர் பலர். சிறிய குடை வாங்கியோரில் அனுபவம் குறைந்தோர்க்கு இது விசேடமாக நேர்கின்றது. பயிற்சி மிக்கோர்க்கும் விபத்து வருவதுண்டு. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்புக் காலிமுகத்திடலில் சுதந்திர தின ஒத்திகையின்போது பரசூட் வீரர் நால்வர் காயமுற்ற செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மாற்றுக் குடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரதான குடையைக் குதிப்பவரே மடித்துக்கொள்ளலாம். பழகினால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. மாற்றுக் குடையை அவ்வாறு தொடலாகாது. அதற்கென உரிமம் பெற்ற தேர்ச்சியாளர் ஒருவரே அதனைப் பரிசோதித்து, மடித்து, பொதியில் அடைத்து, முத்திரை இட்டுக் கையொப்பமும் இடுவார். பயன்படுத்தப்படாவிட்டாலுங்கூட அமெரிக்க விதிப்படி 180 நாட்களுக்கு ஒருமுறை அதைப் பிரித்து மீண்டும் மடித்தாக வேண்டும். பழைய பொதி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கையொப்பத் தாளையே. வெளித்துணியின் நிறத்தைப் பார்த்து மயங்குவோர் அதனைக் கேட்பதில்லை.

பொதியினுள்ளே ஒரு சின்னஞ்சிறு கருவியும் உண்டு. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் விழும் வேகத்தையும் அது கணித்தபடி இருக்கும். குதித்தவர் மயக்கமுற்றோ மறதியினாலோ குடையைத் திறவாமல் ஏறத்தாழ 750 அடி உயரத்தையும் கடந்து அதே வேகத்தில் விழுவாரானால், மாற்றுக் குடையைக் கட்டியிருக்கும் கயிற்று வளையத்தை அது வெட்டிவிடும்; குடை தானே விரியும். 1991-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெல்முட் குளோத் என்பவரின் முயற்சியால் சந்தைக்கு வந்த 'சைப்ரஸ்' என்னும் கருவி இவ்வகையில் பெயர் பெற்றது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ தாய்மார் அழாதிருப்பதற்கு இது காரணம். பேசி வைத்த பழைய பொதியில் இக்கருவி இருக்கிறதா என்று பையனிடம் கேட்டோம். "இருக்கு சேர். ஆனா அதுர காலம் முடிஞ்சிட்டாம்" என்றான். அதன் ஆயுட்காலம் முடிந்திருந்ததால்தான் பொதி மலிவு!

நிற்க. இனித் தலைக்கு வருவோம்.

அவன் அனுப்பிய முதற் படத்திலிருந்தது மேற்பகுதி மேசை போலத் தட்டையான பெரிய கவசம். இரண்டு கமராக்களை ஒருங்கே பூட்டலாம். பிறர் குதிப்பதைத் தொழிலாகப் படம் பிடிப்போருக்கு உரியது. இரண்டாவது, துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர் அணியும் சாதாரணக் கவசம். அதன் உச்சியில் ஒரு தண்டை ஒட்டி, தண்டின் நுனியில் கமராவைப் பூட்டியிருந்தார்கள். மூன்றிலும் இதுவே மலிவானது, பாரமும் குறைந்தது. மூன்றாவது, காபன் இழையால் ஆன முழுமுகக் கவசம். கமரா ஒரு பள்ளத்துள் அடங்கியிருந்தது, நாடியருகே ஒரு விடுவிப்புக் கொளுவியும் தெரிந்தது. விலையோ அவனுடைய மாதச் சம்பளத்திற் பெரும் பகுதி.

பாரம் குறைவாயிருத்தல் வேண்டும் என்று அவன் கேட்டதிற் பிழையில்லை. 1969-ஆம் ஆண்டு வெளிவந்த 'த ஜிப்ஸி மொத்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்துக்காகக் கார்ல் பெனிஷ் என்பவர் தலையிலே கமராவைப் பூட்டிக்கொண்டு வானிலிருந்து குதித்துக் காட்சிகளைப் படம் பிடித்தார். அக்காலத்துக் கமரா படச்சுருளும் இயந்திரமுமாகக் கழுத்தை முறிக்கும் சுமை. இன்றைய சிறு கமராவோ 150 கிராம் அளவினது, உள்ளங்கையில் அடங்குவது. இந்த வித்தியாசமே வேலையறியாதவர்களையும் துணியச் செய்கிறது என்று நண்பர் குறைப்பட்டுக்கொண்டார்.

எடையைத் தராசில் மட்டும் பார்த்தாற் போதாது. மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகத்தில் விழுகின்றவன் மேல் குடை விரியும் கணத்தில், உடலின் ஒவ்வோர் உறுப்பும் தன் எடையின் மூன்று நான்கு மடங்காய்க் கனக்கும்; குடை கடுமையாகத் திறந்தால் அதனிலும் அதிகம். கவசமும் கமராவும் சேர்ந்து 900 கிராம் என்று கொண்டால், அந்தக் கணத்திற் கழுத்துத் தாங்குவது மூன்றரைக் கிலோ. அச்சுமை ஒரு பக்கமாகவோ, உயர்ந்த தண்டின் நுனியிலோ இருந்தால் நெம்புகோல் விதிப்படி கழுத்தைத் திருகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. ஆகவே பாரம் எவ்வளவு என்பதோடு, பாரம் எங்கே இருக்கின்றது என்பதையும் கேட்க வேண்டும்.

அதனினும் பெரிய அபாயம் சிக்கல். குடையிலிருந்து மெல்லிய கயிறுகள் பல இறங்குகின்றன. விரியும் வேளையில் அவை தலைக்குப் பின்னாலிருந்து சாட்டை போல் எழும்பும். தலையில் துருத்திய தண்டோ, கொக்கியோ, இடைவெளியோ இருந்தால் ஒரு கயிறு போதும், மாட்டிக்கொள்வதற்கு. அப்பொழுது கவசத்தை ஒரே இழுப்பில் கழற்றி எறிய முடியுமானால் தப்பலாம். நாடிப் பட்டி இறுக்கப் பூட்டியிருந்தால் முடியாது. தலையிற் சிக்கிய பிரதான குடை விலகாதிருக்க மாற்றுக் குடையையும் திறந்தால், இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளவும் கூடும். ஆகவே கமராக் கவசம் வழுவழுப்பாக, மேடு பள்ளமின்றி, இடைவெளிகள் அடைக்கப்பட்டு, ஒரு கையால் விடுவிக்கக்கூடிய கொளுவியோடு இருத்தல் வேண்டும். அந்தக் கொளுவியை நிலத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு பலமுறை இழுத்துப் பழகியிருத்தலும் வேண்டும். இவ்வகையில் இரண்டாவது படத்துக் கவசம் உடனே தள்ளுபடியாயிற்று. பாரம் மிகக் குறைந்ததே மிகப் பொல்லாததாக இருந்தது.

அணிந்து பார்த்து வாங்குவதும் முக்கியம். தலையை மேலும் கீழும் பக்கங்களுக்கும் பலமாக ஆட்டினால் கவசம் தலையோடு சேர்ந்து அசைய வேண்டும், தனியே ஆடலாகாது. குனிந்து தன் மார்பிலுள்ள பிடிகளைக் கண்ணாற் காண முடிய வேண்டும். முழுமுகக் கண்ணாடியில் மூச்சின் ஈரம் படிந்து மறைக்கக் கூடாது. காதருகே, குறித்த உயரத்திற் கீச்சிடும் சிறு உயரமானியை வைக்க இடம் வேண்டும். படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்குவோர்க்கு இவற்றில் ஒன்றையும் சோதிக்க வழியில்லை.

இங்கே ஒரு வார்த்தை. கவசத்தின் தரத்தைப் பற்றி நாம் இவ்வளவு எழுதுகையில், எமது வீதியில் மோட்டார் சைக்கிளின் கைபிடியில் ஹெல்மட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு பறக்கும் இளைஞர்களை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பொலிசாரைக் கண்டதும் அது தலைக்கு ஏறுகின்றது. வானிலிருந்து குதிப்போர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

மூன்றாவது கவசத்தையே வாங்கச் சொல்லிவிடலாம் என்று நாம் நினைத்தோம். நண்பர் தலையசைத்தார். "இன்னும் 169 குதிப்பு இருக்கிறது" என்றார்.

அமெரிக்கப் பரசூட் சங்கம் கமராவோடு குதிப்பதற்கு முன் குறைந்தது 200 குதிப்புகளை நிறைவு செய்திருக்க வேண்டுமென அறிவுறுத்துகின்றது. இதைக் கேட்டதும் பையன் வாதாடினான். உள்ளங்கையளவு கமரா, அதை ஒரு பொத்தானை அழுத்தி விட்டுவிட்டால் அது தன்பாட்டில் படம் பிடிக்கும், தனக்கு அதில் என்ன வேலை என்றான். நியாயமான கேள்விதான். விடை பௌதிகத்தில் இல்லை, மனத்தில் இருக்கின்றது. 13,000 அடியில் குதித்தவனுக்குக் குடை திறக்கும் வரை கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்த வேகத்தில் 1,000 அடியைக் கடக்க ஐந்தரைச் செக்கனே செல்லும். கமராவின் சிவப்பு விளக்கு எரிகின்றதா, நண்பன் படத்துக்குள் விழுகின்றானா, தான் சிரித்த முகத்தோடு இருக்கின்றோமா என்று எண்ணுவதற்கு ஐந்தரைச் செக்கன் அதிகமன்று.

1988-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் நடந்ததை அவனுக்குச் சொன்னோம். 800-க்கு மேற்பட்ட குதிப்புகளைக் கண்ட ஒருவர், மாணவர் ஒருவரும் பயிற்றுநர் ஒருவரும் குதிப்பதைப் படம் பிடிப்பதற்காகத் தலையில் கமராவும், உடலிற் கட்டிய படப்பதிவுக் கருவியுமாக விமானத்தில் ஏறினார். அவர்கள் குதித்ததும் பின்னாலேயே குதித்தார். படம் நன்றாகவே பதிவாயிற்று. மற்றவர்களின் குடை விரிவதும் அதில் இருந்தது. தாம் பரசூட் அணிந்துகொள்ளவில்லை என்பதை அவர் அறிந்தது அதன் பின்னரே. கருவியின் பாரம் முதுகிற் குடை இருப்பதான எண்ணத்தைக் கொடுத்திருக்கலாம் என்றனர்.

தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை.

பின்பு வேறொரு நியாயத்தை எடுத்தான். "தமிழ் பேசுற ஆக்கள் இதெல்லாம் செய்யப்படாதா சேர்?" என்றான். நாம் செய்யக் கூடாதென்று சொல்லவில்லை. 1941-ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்தியாவில் பரசூட் படை உருவாகியபோது, இராணுவத்திற் குதித்த முதல் இந்தியர் இருவருள் ஒருவர் ஏ. ஜி. ரங்கராஜ் என்னும் மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்தவர். கொரிய யுத்தத்தில், 1951-ஆம் ஆண்டு மார்ச் மாதம், இந்தியாவின் 60-ஆவது பரசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, அமெரிக்கப் படையினரோடு முன்சான் பகுதியில் வானிலிருந்து இறங்கிக் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார். மகா வீர சக்ர விருது அவருக்கு வழங்கப்பட்டது. இதைச் சொன்னதும் பையனின் குரலில் உற்சாகம் வந்தது. "அவர்ர தலையில கமரா இருந்துதா?" என்று நாம் கேட்டதும் சிரித்துவிட்டான்.

முடிவில் எமது விடையை இரண்டு பகுதியாகச் சொன்னோம். அந்த 135 சதுர அடிப் பொதியை வாங்க வேண்டாம். இன்னும் சில காலம் குதிக்கும் நிலையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் பெரிய குடையிலேயே குதிக்கட்டும். வாங்குவதானால், விற்பவரிடம் காசைக் கொடுக்கு முன் தேர்ச்சியாளர் ஒருவர் பொதியைப் பிரித்துப் பார்க்கட்டும். சேர்த்த காசில், கமரா இல்லாத ஒரு நல்ல கவசமும் காதுக்குள் கீச்சிடும் உயரமானியும் வாங்கலாம். பின்னாளிற் கமரா பொருத்தத்தக்க கவசமாகவே அது இருக்கலாம். பள்ளம் மட்டும் மூடியிருக்கட்டும். இது முதற்பகுதி.

இரண்டாம் பகுதியைச் சொல்வது எமக்குக் கடினமாயிருந்தது. "உன் தாயிடம் உண்மையைச் சொல், தம்பி. எம்மால் சொல்ல முடியாது, மறைக்கவும் முடியாது. அவர் எமது வாசலுக்கு வந்து போனவர்" என்றோம். அவன் மறுத்தான். உம்மா தாங்கமாட்டார் என்றான். அவனுடைய தாயார் அன்று எமது வீட்டுக்கு வந்தபோது கிட்டங்கி வெள்ளத்தில் முழங்காலளவு தண்ணீரைக் கடந்து வந்ததை அவனுக்கு நினைவூட்டினோம். மாரி காலத்தில் எமது ஊரார் தினமும் செய்வது அது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தாம்போதியின் ஓரக் கல்லைக் காலால் தடவித் தடவிக் கடக்கின்றார்கள். எவரும் அதைச் சாகசம் என்று சொல்வதில்லை. அப்படிப்பட்டவருக்குத் தாங்கும் சக்தி இல்லை என்று மகன் எப்படி முடிவு செய்தான்?

நான்கு நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. ஐந்தாம் நாள் பின்னேரம் அந்த அம்மையார் வந்தார். கையில் மூடிய பாத்திரத்தில் வட்டிலப்பம். முகத்தில் கோபம். இரண்டையும் ஒருங்கே எம்மிடம் தந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எல்லாம் சொல்லிட்டான் சேர். உங்களுக்கும் தெரிஞ்சிதான் இருந்திருக்கு" என்றார்.

நாம் ஒன்றும் கூறவில்லை. கூறுவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. எமது துணைவியார் கதிரை எடுத்துப் போட்டார். அம்மையார் அமர்ந்து சிறிது நேரம் முற்றத்து மழைநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கைப்பேசியில் ஏதோ படம் காட்டினானாம், பெரிய நீலக் குடை, இருநூறு அடிக்கு மேலாம், வாடகைக்கு எடுப்பதாம். ஹெல்மட் இப்போது வாங்கவில்லையாம். நிறுத்து என்று சொல்லிப் பார்த்தாராம், கேட்கவில்லையாம். ஒவ்வொரு முறையும் குதிக்கு முன்னும் இறங்கிய பின்னும் அழைப்பு எடுக்க வேண்டுமென்று சொல்லியிருக்கிறாராம்.

பிறகு திடீரென்று எம் பக்கம் திரும்பினார்.

"சேர், அந்தக் குடைய ஆரு மடிக்கிற?"

எமது கல்லூரியிற் படித்துப் பட்டம் பெற்ற எத்தனையோ பேர் இத்தனை நாளும் கேட்காத கேள்வி அது. நாமே நண்பர் சொல்லித்தான் அறிந்தோம். இரண்டு குடைகள் உண்டென்றும், இரண்டாவதை உரிமம் பெற்றவர் மடித்துக் கையொப்பம் இடுவாரென்றும், முதலாவதை வழக்கமாகக் குதிப்பவரே மடித்துக்கொள்வாரென்றும் விளக்கினோம். கவனமாகக் கேட்டார். கையொப்பம் இடுபவரின் பெயரை மகன் கேட்டு வைத்திருக்கிறானா என்றும் விசாரித்தார். முதற் குடையை மகனே மடிப்பான் என்பதை மட்டும் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"அவனா?" என்றார். "ஊட்ட இருந்த காலத்துல உடுத்த சாறனக் கூட ஒரு நாள் மடிச்சி வெச்சவன் இல்ல சேர் அவன்."